வெயிலும் குதிரைத் திறனும்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட கரிசல் நிலத்தில் 'குதிரைத் திறன்' என்னும் சொல்லை அறியாதார் இல்லை. குதிரையைக் கண்ணால் கண்டிராத சிறுவனும், தன் தந்தையின் கிணற்றில் இருப்பது ஐந்து குதிரைத் திறன் மோட்டார் என்றும், பக்கத்துப் புஞ்சைக்காரர் ஏழரை போட்டிருக்கிறார் என்றும் சொல்லுவான். ஆனால் அச்சொல்லின் பொருள் யாதென்று கேட்டால் பெரியவர்களும் சற்றுத் தயங்குவர். மோட்டார் கார்களை ஓரிடத்தில் கட்டி வைத்து, அவற்றின் குதிரைத் திறனைப் பலர் முன்னிலையில் அளந்து பரிசளிக்கும் போட்டி ஒன்று உலகில் பல இடங்களில் நடந்துவருகிறது. அதற்கு டர்போ பூட்டிய கார்களை ஆயத்தம் செய்யும் முறையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அதற்குள் புகுமுன் இந்தத் தயக்கத்தைத் தீர்த்துக்கொள்வது நலம்.

பம்பு செட்டு வருமுன் நம் கிணறுகளில் கமலை இருந்தது. ஒரு சோடி மாடு, 150 லிட்டர் நீர் கொள்ளும் சாலை, 10 மீட்டர் ஆழத்திலிருந்து, போய்வரும் நேரத்தையும் சேர்த்து நிமிடத்துக்கு ஒரு முறை இறைத்தது என்று வைத்துக்கொள்வோம். 150 கிலோவை 10 மீட்டர் தூக்கினால் 1,500. அதை 60 நொடியால் வகுத்தால் 25. அதாவது, நொடிக்கு 25 கிலோ எடையை ஒரு மீட்டர் தூக்கும் வேலை. ஒரு நொடியில் 75 கிலோவை ஒரு மீட்டர் தூக்குவதே ஒரு குதிரைத் திறன் என்பது கணக்கு. ஆகவே நம் கமலை மாடுகள் செய்தது குதிரைத் திறனில் மூன்றில் ஒரு பங்கு. ஐந்து குதிரைத் திறன் மோட்டார், பதினைந்து சோடி மாடுகள் ஓயாமல் செய்யும் வேலையைச் செய்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எஞ்சினை விற்பதற்காக இவ்வாறே குதிரைகளை வைத்துக் கணக்கிட்டார். நிமிடத்துக்கு 33,000 பவுண்டை ஓர் அடி தூக்குவது என்பது அவர் வகுத்த அளவு. நம்மவர் எவராவது முந்திக்கொண்டிருந்தால் இன்று உலகம் முழுவதும் 'மாட்டுத் திறன்' என்று வழங்கியிருக்கும்.

இக்கணக்கில் இரண்டு கூறுகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். மாடு எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பது ஒன்று; எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பது மற்றொன்று. மோட்டார் எஞ்சினில் முன்னதை முறுக்குவிசை என்றும், பின்னதைச் சுழற்சி வேகம் என்றும் சொல்லுகிறோம். இரண்டையும் பெருக்கக் கிடைப்பது திறன். ஆகையால் திறனை நேரே அளக்க எவராலும் முடியாது. இழுப்பையும் வேகத்தையும் தனித்தனியே அளந்து பெருக்கித்தான் பெற வேண்டும். இவ்வாறு அளக்கும் கருவிக்கு டைனமோமீட்டர் என்று பெயர். பட்டறைகளில் 'டைனோ' என்று சுருக்கிச் சொல்வார்கள். 1821இல் பிரெஞ்சுப் பொறியாளர் தெ ப்ரோனி, சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, அது எவ்வளவு எடையைத் தாங்குகிறது என்று பார்த்தார். 1877இல் இங்கிலாந்தில் வில்லியம் புரூட், கப்பல் எஞ்சினை அளக்க நீரையே தடையாகக் கொண்ட கருவியைச் செய்தார். இன்று கார்களுக்கு உள்ளது உருளைமேடை. தரையோடு தரையாக இரும்பு உருளைகள் பதிக்கப்பட்டிருக்கும். காரின் சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றி, வண்டி நகராதபடி வார்களால் இறுகக் கட்டி, எஞ்சினை முழு வேகத்துக்கு ஓட்டுவார்கள். கார் நின்ற இடத்தில் நிற்கும்; உருளை மணிக்கு 150, 200 கிலோமீட்டர் வேகத்தில் சுழலும். திரையில் ஒரு கோடு மேலே ஏறிச் சற்றே வளைந்து இறங்கும். அக்கோட்டின் உச்சிதான் போட்டியில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது.

ஆஸ்திரேலியத் தலைநகரான கான்பெராவில் சனவரித் தொடக்கத்தில் 'சம்மர்நாட்ஸ்' என்னும் கார்த் திருவிழா 1980களின் இறுதியிலிருந்து நடந்துவருகிறது. அதில் 'ஹார்ஸ்பவர் ஹீரோஸ்' என்ற பெயரில் இந்த அளவுமேடைப் போட்டிக்கென்றே தனிக் கூட்டம் கூடும். நம்முடைய மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு என்று வகை பிரிப்பதைப் போல, இத்தகைய போட்டிகளில் எஞ்சினின் அளவும், டர்போ உண்டா இல்லையா என்பதும் பார்த்து வகை பிரிப்பது வழக்கம். சனவரி நமக்குப் பனிக்காலம். தென்கோளத்தில் இருக்கும் அவர்களுக்கு அது கடுங்கோடை. இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், இப்போட்டியின் உண்மையான எதிராளி பக்கத்து மேடைக் கார் அன்று, வெயில்தான் என்பது என் துணிபு. அதை விளக்க டர்போவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

கொல்லன் உலையைப் பாருங்கள். கரியை எவ்வளவு கொட்டினாலும், துருத்தி ஊதினால்தான் தீ வீறுகொள்கிறது. எஞ்சினும் அப்படியே. பெட்ரோலைக் கூட்டுவது எளிது. அது எரிவதற்கு வேண்டிய காற்றைக் கூட்டுவதே அரிது. சாதாரண எஞ்சின் தன் பிஸ்டனின் இழுப்பினால் எவ்வளவு காற்றை உள்ளே வாங்க முடியுமோ அவ்வளவே வாங்கும். டர்போ என்பது ஒரு துருத்தி. ஆனால் அதை ஊத ஆள் வேண்டுவதில்லை. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் அது சுழலும். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905இல் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1918இல் அமெரிக்கரான சான்போர்டு மாஸ், 'லிபர்ட்டி' என்னும் விமான எஞ்சினை லாரியில் ஏற்றி, ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் மலையுச்சிக்குக் கொண்டுபோய் அளந்தார். கடல்மட்டத்தில் 350 குதிரைத் திறன் தந்த அந்த எஞ்சின், காற்று மெலிந்த உச்சியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்தது. டர்போ பூட்டியதும் 356 தந்தது. பலர் அறிய நடந்த திறனளவுப் போட்டிகளில் இதனையே முதலாவதாக வைக்க எனக்கு விருப்பம். போட்டியிட்டவை எஞ்சினும் மலையும்.

டர்போ இன்று நமக்கு அயலான பொருள் அன்று. ஆழ்குழாய்க் கிணறு தோண்ட வரும் லாரியிலும், மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே நம் ஊரைத் தொட்டுச் செல்லும் நான்கு வழிச் சாலையில் ஓடும் சரக்கு வண்டிகளிலும் அது இருக்கிறது. கார்களைச் செப்பனிட்டு வேகம் கூட்டும் கலையும் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம், போர்க்கால விமானத்தளமான சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்திற்று. பின்னர் 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கெனத் தடம் அமைத்துக்கொண்டது. 1995இல் மறைந்த கோயம்புத்தூர்க் கரிவர்தன் பந்தயக் கார்களை இங்கேயே செய்து காட்டியவர். 2003இல் செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட தடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. தெருவில் ஓடும் டர்போ பெட்ரோல் கார் என்று பார்த்தால், 2004இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். நம் நாட்டுச் செப்பனிடுவோரின் தனி விருப்பத்துக்கு உரியதாயிற்று. 1.8 லிட்டர் எஞ்சின், 150 குதிரைத் திறன். நம் கமலைக் கணக்கில் 450 சோடி மாடுகள்.

என் தமக்கை மகன் இந்தக் காரைத்தான் இரண்டாங்கையாக வாங்கினான். அருப்புக்கோட்டையில் விசைத்தறி வைத்துப் பிழைப்பவன். கடன் வாங்கித்தான் கார் வாங்கியிருந்தான். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் உருளைமேடைப் போட்டி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, "மாமா, நீங்கள் வாத்தியார் வேலை பார்த்தவர்கள்தானே, கூட இருந்து பாருங்கள்" என்று என்னை அழைத்தான். தொழிற்பயிற்சிக் கூடத்தில் எஞ்சின் பாடம் சொல்லிக்கொடுத்த பழக்கத்தால் நானும் நான்கு மாதம் அந்தக் காரோடு பழகினேன். அதில் கண்டவற்றை வைத்தே மேலே சொல்லுகிறேன்.

காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டவர் அறிவர். டர்போ வெளிக்காற்றை இருமடங்கு அழுத்துகிறது என்றும், அதன் செயல்திறன் நூற்றுக்கு எழுபது என்றும் கொள்வோம். கணக்கின் வழியை விட்டு விடையை மட்டும் சொல்லுகிறேன். 25 டிகிரியில் உள்ளே போன காற்று ஏறத்தாழ 118 டிகிரியில் வெளியே வரும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் 40 டிகிரியில் உள்ளே போனால் 138 டிகிரியில் வெளியே வரும். வாயிலில் 15 டிகிரியாக இருந்த வேற்றுமை முடிவில் 20 ஆகிவிடுகிறது. வெயில் வட்டி போட்டு வளருகிறது என்றும் சொல்லலாம். போதாக்குறைக்கு, 40 டிகிரிக் காற்று 25 டிகிரிக் காற்றைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு மெலிந்தது. அதே கொள்ளளவில் எரிவதற்கான பிராணவாயு அந்த அளவுக்குக் குறைவு.

திறன் குறைவது மட்டுமானால் பொறுத்துக்கொள்ளலாம். சூடேறிய காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை, தீப்பொறி பட்டுச் சீராக எரிந்து பரவுவதற்கு முன்பே, ஒரு மூலையில் தானாக வெடித்துவிடும். மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள். பிஸ்டன் தலையில் சுத்தியல் அடி விழுவது போன்றது அது. இரண்டோர் அடி விழுந்தால் எஞ்சின் தாங்கும். தொடர்ந்து விழுந்தால் பிஸ்டனில் ஓட்டை விழும், அல்லது அதன் வளையங்களுக்கு இடைப்பட்ட பகுதி உடையும். 1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர், உலகில் விற்பனைக்கு வந்த முதல் டர்போ கார்கள் இரண்டனுள் ஒன்று. அதில் இந்த அடியைத் தடுக்க, நீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தெளிக்கும் அமைப்பு இருந்தது. திரவம் தீர்ந்தால் நிரப்ப வேண்டும். வாங்கியவர்களில் பலர் நிரப்ப மறந்தார்கள். அந்தக் கார் இரண்டே ஆண்டில் விற்பனையிலிருந்து நின்றது.

ஆயத்தம் என்பது பெரும்பாலும் இந்தச் சூட்டோடு நடத்தும் பேச்சுவார்த்தைதான். முதலில் எஞ்சின் நலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் அளந்தோம். ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்கு மேல் வேற்றுமை இருக்கலாகாது. டைமிங் பெல்ட்டை, அது எப்போது மாற்றப்பட்டது என்று விற்றவர் சொன்னதை நம்பாமல், மாற்றினோம். பிறகு ஒழுக்கு. டர்போவிலிருந்து எஞ்சின் வரை செல்லும் குழாயில் எங்கேனும் கீறல் இருந்தால், ஊதிய காற்று வழியிலேயே போய்விடும். அதை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று இன்னும் சூடாக்கும். குழாயின் வாயை அடைத்து, காற்றடித்து, சோப்பு நீர் பூசினோம். ரப்பர்க் குழல்களில் மூன்று இடத்தில் நுரை கொப்பளித்தது. இவ்வகை எஞ்சினில் அந்தக் குழல்கள் வெப்பத்தால் வெடிப்பு விடுவது எங்கும் கண்டது. வாகனம் பிறந்து இருபதாண்டு ஆனபின் நம் ஊர் வெயிலில் கேட்கவா வேண்டும்? விலை குறைந்த இந்த மூன்று ரப்பர்த் துண்டுகளை மாற்றியதில் கிடைத்த பயன், பின்னால் வாங்கிய விலையுயர்ந்த பொருள்கள் எதிலும் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

அடுத்து இன்டர்கூலர். டர்போவிலிருந்து வரும் சூடான காற்றை, எஞ்சினுக்குள் போகுமுன் வெளிக்காற்றால் குளிரவைக்கும் பெட்டி அது. தொழிற்சாலையில் இந்தக் காருக்கு வைத்தது சிறியது. முன் சக்கரத்தின் அருகே ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். ஐரோப்பியக் குளிருக்கு அது போதும். அதை நீக்கி, காரின் முகப்பில் அகன்ற ஒன்றைப் பொருத்தினார்கள். முன்பு சொன்ன 138 டிகிரிக் காற்றில், சேர்ந்த சூட்டில் நூற்றுக்கு எழுபது பங்கை இது எடுத்துவிட்டால், எஞ்சினுக்குள் 69 டிகிரியில் போகும். 69 என்பதும் குளிர்ச்சி அன்று. ஆனால் அதை வைத்து வேலை செய்யலாம்.

இங்கே இளைஞர்கள் விரும்பும் ஓர் அலங்காரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்சாலை வைத்த காற்றுவடிகட்டிப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கூம்பு வடிவான திறந்த வடிகட்டியை எஞ்சின் பக்கத்திலேயே பொருத்துகிறார்கள். அது சீறும் ஒலி கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது உறிஞ்சுவது எஞ்சினைச் சுற்றிக் கொதிக்கும் காற்றை. அதோடு நம் கரிசல் புழுதியையும். திருச்சுழிச் சாலையில் ஒரு லாரியின் பின்னே போனால் கண்ணாடியில் படிகிற தூசியைப் பார்த்தவர், அது டர்போச் சக்கரத்தின் இறக்கைகளில் ஒரு லட்சம் சுற்று வேகத்தில் உரசுவதை எண்ணிப் பார்க்கலாம். பழைய பெட்டியே இருக்கட்டும் என்றேன். அவன் முகம் சுருங்கிற்று, ஆனாலும் கேட்டுக்கொண்டான்.

பெட்ரோல் ஒரு தனிக் கதை. நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஆக்டேன் எண் என்று பெயர். நம் நாட்டில் சாதாரண பெட்ரோல் நெடுங்காலம் 91ஆக இருந்தது, உயர்வகை 95. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் 100 ஆக்டேன் பெட்ரோலைச் சில பெருநகரங்களில் விற்கத் தொடங்கியது. 2025க்குள் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் நாக்கிங்கை நன்கு தாங்கும். ஆவியாகும்போது கலவையைக் குளிரவும் வைக்கும். ஆனால் அதே அளவு பெட்ரோலில் உள்ள எரிசக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே அதில் உண்டு. ஆகவே மிகுதியாகத் தெளிக்க வேண்டும். பழைய கார்களின் ரப்பர்க் குழாய்களுக்கு அது ஒத்துவராமற் போவதும் உண்டு. 100 ஆக்டேனை வைத்து நுனிவரை செப்பனிட்டால் மேடையில் எண் உயரும். ஆனால் திரும்பி வந்து நம் ஊர்ப் பங்கில் கிடைப்பதை ஊற்றினால், அதே செப்பம் எஞ்சினைக் கொல்லும். எந்த ஊரில் ஓடப் போகிறதோ அந்த ஊர்ப் பெட்ரோலை ஊற்றித்தான் செப்பனிட வேண்டும் என்று பட்டறைத் தலைவர் பிடிவாதமாகச் சொன்னார். மெச்சத்தக்க பிடிவாதம்.

செப்பனிடுதல் என்று இப்போது சொல்வது ஸ்பானர் பிடித்துச் செய்யும் வேலை அன்று. எஞ்சினை ஆளும் சிறு கணினியில் எழுதியுள்ள நிரலை மாற்றுவதே. டர்போ எவ்வளவு அழுத்த வேண்டும், பெட்ரோல் எவ்வளவு தெளிக்க வேண்டும், தீப்பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்னும் மூன்று கட்டளைகளே அதில் தலையாயவை. ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது பாடநூல் கணக்கு. எத்தனால் கலந்தால் அது 13.5 அளவுக்கு இறங்கும். டர்போ முழு மூச்சில் ஊதும்போது இதைவிடக் குறைந்த காற்றும் மிகுந்த பெட்ரோலும் கொடுப்பார்கள். மிகுந்த பெட்ரோல் எரிவதற்கன்று, ஆவியாகிச் சூட்டைத் தணிப்பதற்கு. தீப்பொறிப் பிளக்குகளை ஒரு படி குளிர்ந்த வகையாக மாற்றி, முனை இடைவெளியையும் குறைத்தார்கள். அழுத்தம் மிகுந்தால் பொறி தாண்டுவது கடினம் என்பதால். எஞ்சினின் உடலில் நாக்கிங்கைக் கேட்கும் ஒரு செவி பொருத்தப்பட்டிருக்கிறது. அது அடியைக் கேட்டதும் தீப்பொறியைத் தாமதப்படுத்தித் தன்னைக் காத்துக்கொள்ளும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் அந்தச் செவி எத்தனை முறை எச்சரித்தது என்பதை மடிக்கணினியில் பார்ப்பதே செப்பனிடுபவரின் உண்மையான வேலை. எண்ணை உயர்த்துவது எளிது. எப்போது நிறுத்துவது என்று அறிவதற்குத்தான் கூலி.

இனிப் போட்டி நாள். கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து நானூறு மீட்டர் அளவு உயரத்தில் இருப்பது. காற்று நம் ஊரைவிடச் சற்று மெலிந்தது. ஓர் ஊரில் அளந்ததை மற்றோர் ஊரோடு ஒப்பிடுவதற்காக, வெப்பம், காற்றழுத்தம், ஈரம் ஆகியவற்றைப் பார்த்து எண்ணைத் திருத்தும் விதி ஒன்று உண்டு. அமெரிக்கப் பொறியாளர் கழகத்தின் விதி 25 டிகிரியையும் 990 மில்லிபார் உலர்காற்று அழுத்தத்தையும் அடிப்படையாகக் கொண்டது. அன்று 33 டிகிரி. விதிப்படி ஏறத்தாழ 8 விழுக்காடு கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. இங்கேதான் சூது நுழைகிறது. வெப்பத்தை அளக்கும் சிறு கம்பியை யாரேனும் சூடான எஞ்சின் அருகே தள்ளிவைத்து, அது 60 டிகிரி என்று காட்டினால், கணினி ஏமாந்து இன்னும் ஐந்து விழுக்காடு கூட்டிவிடும். 160 குதிரைத் திறனில் அது எட்டு, ஒன்பது குதிரை. இல்லாத குதிரைகள். ஆகவே நேர்மையான போட்டியில் அந்தக் கம்பி எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க ஒருவரை நிறுத்தியிருப்பார்கள். அன்று நிறுத்தியிருந்தார்கள்.

டர்போ கார்களுக்கு இந்தத் திருத்தம் முற்றும் பொருந்துவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பைக்ஸ் மலையில் கண்டதுபோல, மெலிந்த காற்றை டர்போ தானே ஈடுகட்டிக்கொள்கிறது. இழக்காததைத் திருப்பித் தருவது போன்றது இத்திருத்தம். பெங்களூரு போன்ற 900 மீட்டர் உயரத்து நகரத்தில் இச்சலுகை இன்னும் பெரிதாகும். எனவே ஒரு மேடையின் எண்ணை வேறொரு மேடையின் எண்ணோடு ஒப்பிட்டுப் பெருமை பேசுவதில் பொருளில்லை. ஒரே நாள், ஒரே மேடை, ஒரே விதி என்றால்தான் போட்டி.

சக்கரத்தில் அளக்கும் எண்ணும், தயாரித்தவர் சொல்லும் எண்ணும் ஒன்றல்ல. கியர்களும் டயர்களும் வழியில் ஒரு பங்கைத் தின்றுவிடும். வார்களை மிகவும் இறுக்கினாலும், டயரில் காற்றுக் குறைந்தாலும் அந்தப் பங்கு கூடும். மூன்று ஓட்டங்கள் அனுமதி. நான்காம் கியரில் மெதுவாகத் தொடங்கி இறுதிச் சுழற்சிவரை ஒரே மூச்சில் ஓட்ட வேண்டும். எதிரே பெரிய மின்விசிறி ஒன்று வீசிக்கொண்டிருந்தது. ஆனால் சாலையில் ஓடும்போது முகத்தில் அறையும் காற்றுக்கு எந்த விசிறியும் ஈடாகாது. அதனால் ஓர் ஓட்டம் முடிந்த உடனே மறு ஓட்டம் ஓட்டினால் இன்டர்கூலரே அடுப்பாகிவிடும். சிலர் பனிக்கட்டி மூட்டைகளை அதன் மேல் வைத்துக் காத்திருந்தார்கள். எங்கள் ஆள் முதல் ஓட்டத்தில் 161 எடுத்தான். பொறுமையின்றி உடனே ஓட்டிய இரண்டாவதில் 155. உள்ளே போன காற்று 66 டிகிரி என்று மடிக்கணினி காட்டியது; செவி நான்கு முறை எச்சரித்திருந்தது.

அவன் வகையில் மூன்றாம் இடத்தில் இருந்த கார் 167. அழுத்தத்தைச் சிறிது கூட்டிய இன்னொரு நிரலும் மடிக்கணினியில் ஆயத்தமாக இருந்தது. அதைப் போட்டால் 167ஐத் தாண்டலாம். இவ்வெஞ்சினின் இணைப்புத் தண்டுகள் மெல்லியவை. தாழ்ந்த சுழற்சியில் முறுக்குவிசை திடீரென்று பெருகினால் வளைந்துவிடும். அதற்கு முந்திய மணியில்தான், வேறொரு கார் மேடை மேலேயே ஒரு முறை உறுமி, வெண்புகை கக்கி நின்றதைப் பார்த்திருந்தோம். அந்தக் காரைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. 1980களில் பந்தயத்துக்கென்று பி.எம்.டபிள்யூ செய்த ஒன்றரை லிட்டர் டர்போ எஞ்சின்கள் அளவுமேடையின் எல்லையையே தாண்டின என்று சொல்லுவார்கள். ஆனால் தகுதிச் சுற்றுக்கான அந்த எஞ்சின்கள் சில சுற்றுகள் ஓடினாலே போதும், பிறகு கழற்றிவிடுவார்கள். விசைத்தறி வருவாயில் மாதத் தவணை கட்டுகிறவனுக்கு அந்த வசதி இல்லை. "மாமா, என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டான். "உன் செவி கேட்காததை அதன் செவி நான்கு முறை கேட்டிருக்கிறது" என்றேன். நாற்பது நிமிடம் காருக்கு நிழலும் விசிறியும் கொடுத்து, பழைய நிரலிலேயே மூன்றாம் ஓட்டம் ஓட்டினான். 162. நான்காம் இடம்.

மேடையை விட்டு இறங்கியதும் முதல் வேலையாகத் தொழிற்சாலை நிரலைத் திரும்ப ஏற்றினார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரித்தவர் வகுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. நிரலும் இன்டர்கூலரும் சட்டத்தின் கண்ணில் எங்கே நிற்கும் என்று வழக்குரைஞர்தான் சொல்ல வேண்டும்; விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் கேட்கும் முதற்கேள்வி இதுவாகவே இருக்கும். சட்டத்தை விட்டாலும் நான்கு வழிச் சாலை இருக்கிறது. பந்தல்குடிப் பக்கம் ஆட்டுக்கிடை மறுபக்கம் போக அரை நாழிகை ஆகும். அங்கே வைத்து 160 குதிரையைச் சோதித்துப் பார்க்கிற இளைஞர்களை நான் அறிவேன். கட்டிவைத்த கார் எவரையும் இடிக்காது என்பது உருளைமேடையின் சிறப்புகளில் நான் முதலாவதாக வைப்பது.

கோயம்புத்தூரிலிருந்து ஊர் வந்து சேர இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். மறுநாள் எண்ணெயை இறக்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்த்தோம். உலோகத் துகள் ஏதும் இல்லை. அன்று நடுப்பகலில், தறிக்கு நூல் மூட்டை ஏற்றிக்கொண்டு அவன் திருச்சுழிக்குப் போனபோது மடிக்கணினியை நான் மடியில் வைத்திருந்தேன். வெளியே 39 டிகிரி, எஞ்சினுக்குள் போகும் காற்று 51, நாக்கிங் எச்சரிக்கை ஒன்றும் இல்லை. குண்டாற்றுப் பாலத்தின் மேல் போகும்போது அவன் அந்த எண்களை ஒருமுறை திரும்பப் படிக்கச் சொன்னான்.